பேஸ் வாசித்தவர் வேறு ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ‘தொழில்நுட்ப மரண உலோகம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பைப் பார்த்ததும் ஏதோ ஃபவுண்டரியில் விபத்து என்றுதான் நினைத்தேன். அடுத்த பத்தியைப் படித்த பிறகுதான், டெக்னிக்கல் டெத் மெட்டல் என்ற, கரகரப்புக் கிட்டாரும் உறுமலுமான ஆவேச ராக் இசை வகையை அப்படித் தமிழாக்கியிருக்கிறீர்கள் என்று புரிந்தது. தமிழில் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இந்த டெக்னிக்கல் தொழில்நுட்பத்தில் சேராது, இது கைநுணுக்கம். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது ‘விரல் என்னமா பேசுது’ என்று சொல்லிக்கொண்டு வருவோமே, அந்த விஷயம். சரி, தலைப்பு எப்படியோ போகட்டும், நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

அந்தக் கட்டுரையில் அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த ஏதீஸ்ட் என்ற குழுவுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். 1991இல் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பம் ‘அன்கொஸ்சனபிள் பிரசென்ஸ்’ பற்றி எழுதும்போது, அதில் பேஸ் கிட்டார் (கீழ்ச்சுரங்களை வாசிக்கிற கிட்டார்) வாசித்த ரோஜர் பேட்டர்சன் ஆல்பம் வெளிவந்த கையோடு விபத்தில் இறந்துபோனார் என்று கட்டுரையாளர் சொல்கிறார். இது தவறு. பேட்டர்சன் இறந்தது 1991 பிப்ரவரியில். சுவீடன் நாட்டுக் குழுவான கேண்டில்மாஸுடன் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போய்விட்டு ஊர் திரும்பும் வழியில் அவர்கள் வந்த வேன் விபத்துக்குள்ளானது. அப்போது ஆல்பத்தைப் பதிவு செய்யவே தொடங்கியிருக்கவில்லை. பிற்பாடு டாம்பா நகரத்து மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவு நடந்தபோது அவர் இடத்தில் உட்கார்ந்து வாசித்தவர் டோனி சோய்.

தேதி தப்பாவது யாருக்கும் நடக்கும், அதற்காக ஒரு கார்டு போட்டால் போதும். ஆனால் அதே கட்டுரையின் கடைசியில், முப்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டும் டிரம்ஸ் அடியும் உறுமலும் தவிர வேறெதுவும் தன் காதில் விழவில்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஆல்பத்தில் பேஸ் காதில் விழாத ஒருவருக்கு அதை வாசித்தவர் உயிரோடு இருந்தாரா இறந்திருந்தாரா என்பது எப்படித் தெரியும்? என் கணக்கில் இரண்டும் ஒரே தவறு.

நான் யார் இதைப் பேச என்று கேட்பீர்கள். இசை படித்தவன் இல்லை. மணப்பாறையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன், கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுவேன், சீசன் இல்லாத மாதங்களில் ஸ்பீக்கர் ரிப்பேர். ஒரு பாட்டு நல்ல பாட்டா என்று சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதோ இல்லையோ, ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன், அதில்தான் முப்பது வருடமாகச் சோறு.

2008 வாக்கில் ஓர் இன்ஜினியரிங் மாணவர் கிழிந்துபோன இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கோன் மாற்றி, காயில் மாற்றிக் கொடுத்தேன். வாங்க வந்தபோது டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து அவரே போட்டார். போட்ட இரண்டாவது நிமிடம் எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. காயில் உரசுகிறது! உள்ளே காயில் நேராக உட்காராமல் காந்தத்தில் உரசினால் ஒரு கரகரப்பு வரும், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அப்படியே அந்தச் சத்தம். ‘தம்பி, நாளைக்கு வாங்க, திரும்பப் பிரிச்சுப் பார்க்கிறேன்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன், சிடியும் கடையிலேயே இருந்துவிட்டது.

ராத்திரி கடையைச் சாத்திவிட்டுப் பிரித்துப் பார்த்தால் காயில் மாப்பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டால் கண்ணாடி மாதிரி கேட்கிறது. அப்போதுதான் உறைத்தது, கரகரப்பு ஸ்பீக்கரில் இல்லை, சிடியில். வேண்டுமென்றேதான் கிட்டாரை அப்படிக் கிழித்து வைத்திருக்கிறார்கள். கிட்டாரின் மின்சாரச் சைகையை ஆம்ப்ளிஃபையர் தாங்குவதற்கு மேல் ஏற்றினால் அலையின் உச்சி மழுங்கும், அதிலிருந்து புதிதாக நூறு சத்தம் கிளம்பும். எங்கள் தொழிலில் எது நடக்கவே கூடாது என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்போமோ, அதையே இவர்கள் சம்பளம் கொடுத்து வரவைக்கிறார்கள். கோபமாகத்தான் வந்தது. கோபத்தில் மறுபடி முதலிலிருந்து போட்டேன், இந்த முறை ஸ்பீக்கர் மேல் சந்தேகமில்லாமல்.

அப்போதுதான் அந்த முதல் பாட்டின் ஆரம்பம் காதில் சரியாக விழுந்தது. ‘மதர் மேன்’ என்று பெயர். தந்தியைக் கட்டைவிரலால் தட்டி, மற்ற விரலால் சுண்டி இழுத்து, துள்ளித் துள்ளி ஒரு பேஸ் கிட்டார் வருகிறது. மெட்டலில் நான் எதிர்பார்க்கிற சத்தமே இல்லை அது, நடனப் பாட்டுக்கு முன்னால் வருகிற சத்தம். பிறகு கிட்டார்கள் பாய்ந்து வருகின்றன, கெல்லி ஷேஃபர் தொண்டை கிழியக் கத்துகிறார் (உறுமல் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார், ஆனால் இவருடையது அடிவயிற்று உறுமலே இல்லை, மேல்தொண்டைக் கத்தல்). இத்தனைக்கும் நடுவில் அந்தப் பேஸ் ஒளிந்துகொள்ளவே இல்லை. கிட்டார் மேலே போனால் அது கீழே இறங்குகிறது, கிட்டார் நின்றால் அது இரண்டு சுரம் கூடுதலாகச் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. கூட்டுக்குடும்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, மூலையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே எல்லோருக்கும் பதில் சொல்கிற அத்தை ஒருத்தி இருப்பாளே, அப்படி.

டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் ஃபிளின் பற்றியும் சொல்ல வேண்டும். டெத் மெட்டல் என்றால் இரண்டு காலாலும் கிக் டிரம்மை இடைவிடாமல் மிதிப்பதுதான் என்று நினைத்திருந்தேன். இவரும் மிதிக்கிறார், ஆனால் நிறைய விஷயத்தைக் கையில், சிம்பலில்தான் சொல்கிறார், ஜாஸ் வாசிப்பவர்கள் செய்வதைப் போல. ஒரு ரிஃப் (கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கிற சிறு துண்டு) நாலு முறை வரும், தலையாட்டலாம் என்று கழுத்தைத் தயார் செய்தால் மூன்றாவது முறையிலேயே காலடியை மாற்றிவிடுவார். முதல் ஒரு வாரம் எனக்கு இது எரிச்சலாகவே இருந்தது. எட்டுப் பாட்டு, மொத்தமே 32 நிமிடம்தான், அதற்குள் சாதாரணக் குழுக்கள் நாலு ஆல்பத்துக்கு வைத்துக்கொள்கிற ரிஃப்களைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஐந்தாவது பாட்டு ‘ஆன் இன்கார்னேஷன்ஸ் டிரீம்’ மட்டும் அமைதியாக, கரகரப்பே இல்லாத கிட்டாரில் தொடங்கும், ஆனால் அந்த நிம்மதியும் கொஞ்ச நேரம்தான்.

இப்போது பேட்டர்சன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாணவரின் சிடியில் எட்டுப் பாட்டுகளுக்குப் பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. அதே பாட்டுகள் மறுபடி வந்தன, கொஞ்சம் மங்கலான சத்தத்தில். காப்பி பண்ணும்போது இரண்டு தடவை ஏறிவிட்டது என்று நினைத்து முதலில் நிறுத்திவிடுவேன். ஒருநாள் கையில் சால்டரிங் இருந்ததால் எழுந்துபோய் நிறுத்த முடியவில்லை, ஓடட்டும் என்று விட்டேன். கேட்கக் கேட்க, வாசிப்பது அதே ஆள் இல்லை என்று பட்டது. சுரங்கள் பெரும்பாலும் அவைதான், போகிற வழியும் அதுதான், ஆனால் கை வேறு. ஆல்பத்தில் இருப்பது சுத்தமான, துள்ளுகிற கை. இது கனமான கை, தந்தியைக் கொத்துகிற கை. மாணவர் அடுத்த முறை வந்தபோது கேட்டேன். ‘ஆமாண்ணே, அது செத்துப்போனவர் வாசிச்சது’ என்றார்.

விஷயம் இதுதான். ஆல்பத்தின் பாட்டுகளை உருவாக்கியதில் பேட்டர்சனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்டுடியோவுக்குப் போவதற்கு முன்பு 1990இல் ஒத்திகைப் பதிவுகள் எடுத்துவைத்திருந்தார்கள், அதில் வாசித்தது அவர். அவர் போன பிறகு, மயாமியைச் சேர்ந்த சினிக் குழுவில் இருந்த டோனி சோய் வந்து, அவர் விட்டுப்போன பேஸ் வரிகளைக் கற்றுக்கொண்டு, தன் கைப்பழக்கத்தையும் கொஞ்சம் சேர்த்து ஆல்பத்தில் வாசித்தார். 2005இல் ரிலாப்ஸ் நிறுவனம் ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது பேட்டர்சன் வாசித்த அந்தப் பதிவுகளையும் சேர்த்துப் போட்டது. மாணவர் எங்கிருந்தோ இறக்கியது அந்தப் பதிப்பைத்தான். ஒருவர் போட்டுவைத்த கோலத்தின் புள்ளி மேலேயே இன்னொருவர் இழுத்த கோடு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிற வாய்ப்பு ரசிகனுக்கு எத்தனை ஆல்பத்தில் கிடைக்கும்? நான் அழுகிற ஆள் இல்லை, ஆனால் அன்றைக்குச் சால்டரிங்கை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு இருந்தும் உங்கள் கட்டுரையாளர் காதில் ஏன் பேஸ் விழவில்லை? அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுரையிலேயே ‘பேருந்துப் பயணத்தில் கைப்பேசியை ஒலிக்கவிட்டு’ என்று ஒரு வரி இருக்கிறது. பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தியைச் சும்மா தட்டினால் விநாடிக்குச் சுமார் 41 அதிர்வு. சாதாரணக் கிட்டாரின் கீழ்த்தந்தி 82. கைப்பேசிக்குள் இருக்கிற பொத்தான் அளவு ஸ்பீக்கருக்கு இந்த இரண்டும் எட்டவே எட்டாது, அதன் வேலையே பல நூறு அதிர்வுக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. சிம்பல் கேட்கும், தொண்டை கேட்கும், கிக் டிரம்மின் மேல்சத்தம் டிக் டிக் என்று தட்டச்சு மாதிரி கேட்கும். அவர் எழுதியிருப்பதும் இந்த மூன்றையும்தான். சாம்பாரை வடிகட்டி மேல்நீரை மட்டும் குடித்துவிட்டுப் பருப்பே போடவில்லை என்று சமையல்காரரைத் திட்டிய கதை.

நியாயமாகப் பார்த்தால் இந்த வகை இசையில் பேஸ் அமுங்கிப்போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது ஸ்டுடியோக்காரர்களின் குற்றம். டெத் மெட்டல் கிட்டார்காரர்கள் பலர் தந்தியைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கிவிடுகிறார்கள், இடம் வலம் என்று இரண்டு பக்கமும் கரகரப்புக் கிட்டாரைச் சுவர் மாதிரி எழுப்புகிறார்கள், கீழே கிக் டிரம் இடைவிடாமல் ஓடுகிறது. நடுவில் பேஸ் எங்கே உட்காரும்? அதுவும் கிட்டார் வாசிப்பதையே ஒன்றாக வாசித்தால் முழுசாக மறைந்துவிடும். இதே 1991இல், இதே மோரிசவுண்டில், ஏதீஸ்ட் ஆல்பத்தைத் தயாரித்த அதே ஸ்காட் பர்ன்ஸின் தயாரிப்பில் ‘டெத்’ என்ற குழுவின் ‘ஹியூமன்’ ஆல்பமும் பதிவானது. அந்தக் குழுவின் தலைவர் சக் ஷுல்டினர் அந்த முறை கூட்டிவந்தது சினிக் குழுவின் பால் மஸ்விடல், ஷான் ரைனர்ட் இருவரையும், பேஸுக்கு ஸ்டீவ் டிஜார்ஜியோவையும். டிஜார்ஜியோ சாதாரண ஆள் இல்லை, ஆனால் பழைய பதிப்பில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கே பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது. 2011இல் ஜிம் மோரிஸ் மறுபடி மிக்ஸ் செய்து வெளியான பதிப்பைக் கேட்டபோதுதான் ‘அட, மனுஷன் இவ்வளவு நேரம் இங்கேயா இருந்தார்’ என்று தோன்றியது. இருபது வருடம் கழித்து ஒருவரை மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி.

ஏதீஸ்ட் ஆல்பத்தில் அந்தச் சிக்கல் இல்லை. கிட்டார் சத்தம் கொஞ்சம் ஒல்லியாக, வறட்டுத்தனமாக இருக்கும். தடித்த சத்தம் பழகிய மெட்டல் ரசிகர்கள் சிலர் இதைக் குறையாகவே சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. கிட்டார் ஒல்லியாக இருப்பதால்தான் பேஸ் நிமிர்ந்து நிற்க இடம் கிடைத்திருக்கிறது.

பேஸ் என்றதும் எங்கள் ஊர்ப் பையன்கள் நினைப்பது வேறு. ‘அண்ணே, பேஸ் பத்தல’ என்பார்கள், சப் பெட்டி நாலு கூட வேண்டும் என்பார்கள், நெஞ்செலும்பு அதிர வேண்டும், டீக்கடைக் கண்ணாடி டம்ளர் நகர வேண்டும். நானும் பிழைப்புக்காகப் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் அது அதிர்ச்சி, பேஸ் இல்லை. பேஸ் என்றால் கீழே ஓடுகிற பாட்டு. இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை, இளையராஜா இசையில் பாடகர் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது கீழே பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அந்தக் காதை வைத்துக்கொண்டு ஏதீஸ்டைக் கேட்கலாம், தாராளமாகப் பிடிபடும்.

ஆனால் ஒன்று. இதைச் சொன்னவுடனே ‘ஆமா சார், இது அப்படியே நம்ம கர்நாடக சங்கீதம்தான், எல்லாம் தாளக் கணக்கு’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கு இருப்பதால் மட்டும் ஒன்று இசையாகிவிட்டால் பலசரக்குக் கடைப் பற்றுவரவுப் புத்தகமும் கீர்த்தனைதான். ஒரு பொருளை மதிக்க வேண்டுமென்றால் அது நம் வீட்டுப் பொருளாகத்தான் இருக்க வேண்டுமா? புளோரிடாவின் சரசோட்டா ஊரில் இருந்த நாலு பையன்கள் மெட்டலும் ஜாஸும் கேட்டு வளர்ந்து, கை வலிக்க ஒத்திகை பார்த்து உண்டாக்கியது இது. அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

டெக்னிக்கல் டெத் மெட்டல் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். அந்த மாணவர் பிறகு நிறைய அனுப்பினார். பாதிக்கு மேல் தாங்கவில்லை. இப்போது வருகிறவற்றில் பலவும் வேகப்பந்தயம் மாதிரிதான் இருக்கிறது, டிரம்மில் நூறு அடி விழுந்தால் நூறும் ஒரே கனம், கம்ப்யூட்டரில் நேராக்கி அயர்ன் பண்ணி வைத்த சட்டை. இதில் உங்கள் கட்டுரையாளர் சொன்னது சரி, மறுக்க மாட்டேன். விதிவிலக்கும் உண்டு. ஜெர்மனியின் நெக்ரோஃபேஜிஸ்ட் 2004இல் ‘எபிடாஃப்’ போட்டார்கள், வேகம்தான், ஆனால் மெட்டு ஞாபகத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் ஆல்பமே போடவில்லை. அதில் வாசித்த டிரம்மரும் இன்னொரு கிட்டார்காரரும் பிற்பாடு ஒப்ஸ்கியூரா என்ற குழுவில் சேர்ந்தார்கள். அங்கே 2009 ஆல்பமான ‘காஸ்மோஜெனிசிஸ்’இல் யெரூன் தெஸ்ஸெலிங் என்ற டச்சுக்காரர் கழுத்தில் உலோகக் கட்டைகள் இல்லாத (ஃப்ரெட்லெஸ்) பேஸ் வாசிக்கிறார், கமகம் மாதிரி சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். (கர்நாடக சங்கீதத்தோடு ஒப்பிடக் கூடாது என்று இப்போதுதான் சொன்னேன். சரி, ஒரு தடவை விட்டுவிடுங்கள்.) அவர் 1993இல் பெஸ்டிலன்ஸ் என்ற டச்சுக் குழுவில் வாசித்தவர். அதே பெஸ்டிலன்ஸின் முந்தைய ஆல்பத்தில், 1991இல், பேஸ் வாசித்தது யார் தெரியுமா? நம் டோனி சோய். ஒரே வருடத்தில் இரண்டு குழுக்களின் காலியிடத்தை அவர் நிரப்பியிருக்கிறார். அவர் பெயரைத்தான் உங்கள் கட்டுரை ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை.

ஏதீஸ்ட் அப்புறம் என்ன ஆனார்கள் என்றும் கட்டுரையில் இல்லை. ஃபிளின் இந்த ஆல்பத்துக்குப் பிறகு படிப்புக்குப் போய்விட்டார். 1993இல் ‘எலிமெண்ட்ஸ்’ என்ற மூன்றாவது ஆல்பத்தோடு குழு கலைந்தது. 2006இல் மறுபடி கூடினார்கள், 2010இல் ‘ஜூப்பிட்டர்’ வந்தது. கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கீழே ஓடுகிற அந்தப் பாட்டை நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

கட்டுரையாளர் மறுபடி ஒரு முறை கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். விலை உயர்ந்த சாமான் ஒன்றும் தேவையில்லை, சுமாரான ஹெட்போன் போதும். சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். மெட்டல் என்றால் முழுசாகத் திருகிவிடுவது என்று ஒரு பழக்கம், அப்படி வைத்தால் காது சோர்ந்து கிட்டாரை மட்டும் பிடித்துக்கொள்ளும். முதல் பாட்டின் தொடக்கத்தில் பேஸைப் பிடித்துக்கொண்டு, திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போவது போல அதை மட்டும் விடாமல் போகட்டும். மற்றதெல்லாம் இடித்துக்கொண்டு போகும், போகட்டும். தொலைந்துவிட்டால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து வரட்டும். எனக்கு எட்டாவது பாட்டு வரைக்கும் கையை விடாமல் போய்ச் சேர ஒரு மாதம் ஆனது.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். ரோஜர் பேட்டர்சன் இறந்தது பதிவுக்கு முன்பு, ஆல்பத்தில் வாசித்தது டோனி சோய், இந்த இரண்டு வரி போதும். கட்டுரையாளர் திருச்சி, திண்டுக்கல் பக்கம் வந்தால் கடைக்கும் ஒரு நடை வரச் சொல்லுங்கள், அந்த சிடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஆல்பம் ஒரு தடவை, ஒத்திகைப் பதிவு ஒரு தடவை என்று இரண்டையும் நல்ல பெட்டியில் போட்டுக் காட்டுகிறேன். ஆடி மாதம் மட்டும் வேண்டாம், பெட்டியெல்லாம் அம்மன் கோயில்களுக்குப் போயிருக்கும்.

இப்படிக்கு,
சவுண்ட் சர்வீஸ் நடத்தும் வாசகர்,
மணப்பாறை.